பூசணக் கம்பெனி

உயிரித் தொழில்நுட்பம் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தொடங்கிய முதல் வருடமே சேர்ந்தவள் நான். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சோதனைக் குழாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அப்படி என்ன இருந்தது என்பது படித்து முடிக்கும்வரை எனக்குப் புரியவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த வாரம், "பொண்ணுக்கு மாட்டாஸ்பத்திரியிலயா வேலை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "செடி ஆஸ்பத்திரிங்க" என்றார்.

அப்பா நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்கு வந்துபோகும் ஒருவர் குன்னூரிலிருந்து கேத்தி போகும் வழியில் ஒரு டீ பேக்டரி வைத்திருந்தார். தேயிலை நல்ல விலைக்கு விற்ற நாளில் ஆசைப்பட்டு வாங்கியது. சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் பச்சைக் கொழுந்தை அரைத்து டீத்தூளாக்குவதுதான் அங்கே தொழில். அவர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே தேயிலை விலை படுத்துவிட்டது. கொழுந்து பறிப்பவர்களுக்குக் கொடுக்கிற கூலிகூட விவசாயிக்குத் தேறவில்லை. பாதிப் பேர் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய தேயிலைச் செடியெல்லாம் ஆளுயரம் தாண்டி மரமாகி, தேயிலையும் ஒரு மரம்தான் என்று ஊருக்கே தெரியவந்தது. பேக்டரியை மூடிவிட்டார்கள்.

இனிமேல் நான் முதலாளி என்று சொல்லப்போவது அவரைத்தான். அவர் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு கடையில், ஓர் உருளைக்கிழங்கின் முளையைக் கிள்ளிப் பாட்டிலுக்குள் வளர்த்தால் ஒரே வருடத்தில் லட்சம் செடி எடுக்கலாம் என்று சொன்னார்களாம். என் பெண் அதைத்தான் படித்திருக்கிறாள் என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அப்பாவோடு நான் அவர் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க அம்மணி, ஒரு கெழங்குல லட்சம் செடி வருமாமுங்களே?"

"பாடப் புத்தகத்துப்படி வருமுங்க."

"புத்தகத்தை விடுங்க. வருமா, வராதா?"

அப்பா என்னைப் பார்த்தார். "வருமுங்க" என்றேன்.

"அவ்வளவுதானுங்க வேணும். பாருங்க, கம்ப்யூட்டரு பெங்களூருக்குப் போயிருச்சு. பனியன் திருப்பூருக்குப் போயிருச்சு. நாட்டோட பொருளாதாரத்துல இனி மிச்சம் இருக்கறது பயோடெக்னாலஜி ஒண்ணுதான். அது நம்ம மலைக்கு வந்தே ஆகணுமுங்க."

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

சித்தப்பாவுக்கு மலையில் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் பெரிய அறையை ஆய்வுக்கூடமாக்கினோம். இரண்டு பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கின. ஒன்று, பாட்டில்களை நீராவியில் வேகவைத்துக் கிருமியில்லாமல் ஆக்கும் ஆளுயரக் குக்கர். இன்னொன்று, முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டி. அதன் பின்சுவரிலிருந்து வடிகட்டிய சுத்தமான காற்று நம் முகத்தைப் பார்த்து வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றுக்குள் கையை வைத்துத்தான் முளையை வெட்ட வேண்டும்.

தொடக்க விழாவன்று முதலாளி எனக்கு முன்பே வந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தட்டு நிறையத் திருநீறு, குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு கட்டு ஊதுபத்தி.

"ஐயா, அதுக்குள்ள தூசியே போகக் கூடாதுங்க."

"சாமி தூசிங்களா அம்மணி?"

முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீசியன், நல்ல நேரம் முடிவதற்குள் இயந்திரமும் ஓடட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டார். பின்சுவரிலிருந்து காற்று கிளம்பியது. தட்டிலிருந்த திருநீறும் குங்குமமும் மொத்தமாக எழும்பி முதலாளியின் முகத்துக்கு வந்தன. அவர் கண்ணைத் திறந்தபோது கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் மெதுவாக மீசையைத் தட்டிவிட்டு, "சாமியே பூசி உட்டுருச்சுங்க" என்று நெகிழ்ந்து போனார். அந்தப் பெட்டியைத் துடைத்துப் பழையபடி ஆக்க எனக்கு நான்கு நாள் ஆனது. குங்குமம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் வந்துகொண்டிருந்தது.

பழைய பேக்டரியில் தூள் சலித்த பெண்கள் ஆறு பேரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம். அவர்களில் கேத்தியிலிருந்து வந்த ஒரு அக்காவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். வீட்டில் கேரட்டும் முட்டைக்கோசும் போடுகிறவர்கள். கேத்தி அக்கா பிளேடைப் பிடித்து முளையை வெட்டுகிற அழகைப் பார்த்தால் நான் படித்ததற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றும்.

பழைய ஆட்களில் இன்னொருவர் டீ மேக்கர். கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், அரைத்ததை எவ்வளவு நேரம் புளிக்கவிட வேண்டும் என்று மூக்கை வைத்தே சொல்கிறவர். சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பம். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். மூக்கு கெட்டுவிடும் என்று பீடி, வெங்காயம், பவுடர் எதையும் பக்கத்தில் சேர்க்கமாட்டார். அவரை அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. லேப் மேனேஜர் என்று பெயர் கொடுத்து, அறையின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்து எழுதச் சொன்னார். பேக்டரிக்குப் பின்னால் இருந்த அறையிலேயே அண்ணன் தங்கியிருந்தார்.

முதல் தடவை நானூறு ஜாம் பாட்டில். அடியில் சர்க்கரையும் கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சிய களி. அதன்மேல் ஒரு சின்ன முளை, மேலே மூடி. ஐந்தாம் நாள் குட்டி இலை விட்டது. கேத்தி அக்கா, "தொட்டில்ல கெடக்கற கொழந்த மாதிரி இருக்குதுங்க" என்றார். ஒன்பதாம் நாள் எல்லாக் குழந்தைக்கும் பச்சைத் தாடி முளைத்திருந்தது. பூசணம்!

கழுவி, வேகவைத்து, மறுபடி நட்டோம். மறுபடி பூசணம். மூன்றாவது முறை சிலதில் வெள்ளைப் பூசணம், பலதில் பச்சை. நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது என்றேன். கம்பளி ஸ்வெட்டர் கூடாது என்றேன். அந்தக் குளிரில் என்னைத் திட்டாதவர் இல்லை. தும்மல் வருவதுபோல இருந்தால் உடனே வெளியே ஓடிவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். மார்கழி மாதம் அது. ஒருத்தி ஓடினால் அதைப் பார்த்து இன்னொருத்திக்கு வரும். ஆறு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேரட் தோட்டத்தைப் பார்த்து ஓடுவதை ரோட்டில் போன வேன்காரர்கள் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். முதலாளி தன் பங்குக்குக் குக்கருக்கு வேப்பிலை கட்டினார்.

ஊருக்குள் எங்களைப் பூசணக் கம்பெனி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் கண்டக்டர், "பூசணக் கம்பெனி எறங்கு" என்று குரல் கொடுப்பார். நான் வாயைத் திறக்காமல் இறங்கிக்கொள்வேன். வீட்டில் சித்தி ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது உன்ற சரக்கான்னு பாரு" என்பார். ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டபோது சித்தப்பா பெருமையாக எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். காபியை யாருமே தொடவில்லை.

நான்காவது முறையும் போன பிறகு, ஒருநாள் சித்தியிடம் சொல்லாமல் விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனேன். பாட்டில் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் குளித்து, தலை வாரி, கம்பளித் தொப்பியோடு அலமாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தார். தலையை ஆட்டிவிட்டு மூடி வைத்தார். அடுத்த பாட்டிலை எடுத்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிடவே இல்லை. "பதம் பாக்குறேன் தங்கச்சி."

"அதைத் தெறக்கவே கூடாதுண்ணே!"

"மணந்து பாக்காம உள்ள என்ன நெலமையின்னு எப்படிச் சொல்றது? எனக்கு ஏலாது."

"எல்லாப் பாட்டிலையுமா மணந்தீங்க?"

"ஒண்ணு விடலை" என்றார். எனக்குச் சந்தேகம் வந்ததில் அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. "மொத நாள்ல இருந்து ஒரு நாளும் தவறலை. வேணும்னா நோட்டுல எழுதியிருக்கேன், பாரு."

எழுதித்தான் இருந்தார். முதல் வரிசை, வாசம் மந்தம். இரண்டாம் வரிசை, வாசம் சுமார். மூன்று மாதத்துக்கு.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைதான் வருகிறது என்று நினைத்தேன், வந்தது சிரிப்பு. ஆறு பெண்களை ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கவிட்டிருக்கிறேன். இந்த மனுஷன் பாட்டில் பாட்டிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும்.

என் சிரிப்பு அவருக்குக் கோபத்தை உண்டாக்கிவிட்டது. "நீ சிரிக்கிறே. நான் சொல்ல வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்கு. இந்தப் பச்சையில ரெண்டு சாதி இருக்கு, தெரியுமா? ஒண்ணு பழைய சாக்கு வாசம். இன்னொண்ணு தேங்கா வாசம். தேங்கா வாசம் வர்ற பாட்டில்ல வேற பூசணம் எதுவும் நிக்கிறதே இல்லை. வெள்ளை வந்தாலும் ரெண்டு நாள்ல இது ஏறி அதைத் தின்னுடுது."

பாட்டிலை நீட்டினார். மணந்து பார்த்தேன். துருவிய தேங்காய்!

எனக்குக் கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. மற்ற பூசணத்தைத் தின்னும் ஒரு பச்சைப் பூசணம் உண்டு, டிரைக்கோடெர்மா என்று பெயர். வேர் அழுகலுக்கு அதை மண்ணில் கலந்து விடுவார்கள். அதைத் தயாரித்து விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நான் அந்தக் கேள்விக்குத் தப்பாக எழுதியிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு பாட்டிலைத் துணியில் சுற்றி என் பழைய ஆசிரியைக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. அதேதான், நல்ல வீரியமாக இருக்கிறது, எப்படிப் பிடித்தாய் என்று கேட்டிருந்தார்.

முதலாளியைக் கூப்பிட்டுவந்து பாட்டிலைத் திறந்து காட்டினோம். மணந்ததும் முகம் சுளித்தார்.

"ஏனுங்க, யாருங்க உள்ள ஒக்காந்து தேங்காச் சட்னி தின்னது?"

விளக்கினேன். அண்ணன் மணந்து பார்த்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மூணு மாசமா நாம வளத்தது பூசணமுங்களா?"

"ஆமாங்க."

"கெழங்குச் செடி ஒண்ணுகூட இல்லீங்களா?"

"இல்லீங்க."

"பூசணம் நல்லா வளருதுங்களா?"

"நிறுத்த முடியலீங்க."

"அப்பறம் என்னங்க அம்மணி! வளர மாட்டேங்கறதையே புடிச்சுத் தொங்கிட்டிருந்தா தொழில் ஆகுமுங்களா?" என்றவர் அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க பாட்டுக்கு மோந்து பாருங்க" என்றார்.

கேத்தி அக்கா தன் வீட்டுக் கேரட் பாத்தி ஒன்றில் பாதியை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பூசணத்தை மக்கிய குப்பையில் கலந்து அதில் போட்டோம். அந்தப் பக்கம் அழுகல் குறைவாகவே இருந்தது. பூசணம் போட்டு விளைந்ததை யார் தின்பது என்று கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர், அறுவடையன்று ஒரு கேரட்டைத் துடைத்துவிட்டுக் கடித்துக்கொண்டே, "மீதிப் பாதிக்கும் போட்டிருக்கலாமுங்க" என்றார். அனுமதி வாங்க முதலாளி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லா மேசையிலும் பாட்டிலைத் திறந்து மணந்து பார்த்தார்களாம். காகிதமெல்லாம் முறையாகக் கைக்கு வந்து, பாக்கெட் போட்டு முதல் முறை விற்க உட்கார்ந்த அன்று ஒரு விவசாயி கேட்டார்:

"வெலை யாருங்க வெப்பாங்க?"

"நாமதானுங்க" என்றார் முதலாளி.

"நாமன்னா?"

கொழுந்து விலையை எங்கேயோ யாரோ வைப்பார்கள். கேட்டுக்கொண்டு போவதுதான் இருவருக்கும் பழக்கம். இருவரும் வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேரம் பேசினார்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்ட இருவரை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அந்தப் பூசணத்துக்குப் பிடித்த சாப்பாடு உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர். லட்சம் செடி எடுப்பதற்காக மூட்டை மூட்டையாக விதைக்கிழங்கு வாங்கி வைத்திருந்தோம். அவற்றைத் தோல் சீவி, வேகவைத்து, சாற்றை வடிகட்டிப் பூசணத்துக்கு ஊற்றினோம். சாறு போக, வெந்த கிழங்கு அண்டா அண்டாவாக மிஞ்சியது. எறிய யாருக்கும் மனம் வரவில்லை. மத்தியானம் உருளைக்கிழங்குப் பொரியல். மறுநாள் மசியல். அடுத்த நாள் குருமா. ஆறு பெண்களும் தூக்கில் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மூன்றாம் வாரம் அவர்கள் வீடுகளில் இருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், இனிமேல் வேண்டாம் என்று. சித்தப்பா தட்டைப் பார்த்ததும், "இன்னிக்கும் பயோடெக்னாலஜியா?" என்று கேட்பார்.

கேத்தி அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பேக்டரி வாசலில் ரோடு வளைகிறது. ஊட்டிக்குப் போகிற வேன்கள் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வாசலில் அடுப்பு வைத்து, தன் நாத்தனாரை உட்கார வைத்து, உருளைக்கிழங்கு போண்டா போட ஆரம்பித்தார். எங்கள் போர்டு எழுதிய பெயின்டரே மிச்சமிருந்த பச்சைப் பெயின்டில் ஒரு பலகை எழுதிக் கொடுத்தார்: பயோ போண்டா. அதென்ன பயோ என்று கேட்ட டூரிஸ்டுகளிடம் நாத்தனார், "உள்ள மிஷின்ல வேகற கெழங்குங்க, ஒரு கிருமி இருக்காது" என்பார். அது உண்மையும்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன்கள் வரிசை கட்டி நின்றன.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி சுற்றுவட்டாரத் தேயிலை விவசாயிகளை அழைத்து ஒரு கூட்டம் போட்டார். கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளின்மேல் பலகை போட்டு உட்கார வைத்தோம். நாட்டின் பொருளாதாரத்தில் பயோடெக்னாலஜியின் இடம் என்று ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசினார். "இந்த எடத்துல இப்ப ரெண்டு தொழில் நடக்குதுங்க. ஒண்ணு பூசணம், ஒண்ணு போண்டா. ரெண்டும் நாங்க திட்டம் போட்டது இல்லீங்க" என்று ஆரம்பித்தார். கைதட்டினார்கள். பேச்சு நீண்டது. வெளியிலிருந்து எண்ணெய் வாசம் வரவர ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி மட்டும் வெளியே போகும் வழியில் என்னிடம் வந்தார். கோட்டு போட்டிருந்தார். காலரில் கிழிசல் தைத்திருந்தது.

"ஏம்மா, எனக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. புடுங்கிப்போட்டுட்டு வேற வெக்கலாமா? உங்க படிப்புல அதுக்கு ஏதாச்சும் இருக்குதா?"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்த வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. "எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

"தெரியலைன்னு சொல்லறதுக்காச்சும் ஒரு ஆள் கெடைச்சுதே" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாக்கெட் பூசணம் வாங்கிக்கொண்டார். வெளியே போனவர் ஒரு போண்டாவைப் பிட்டு, சூடு தாங்காமல் கைமாற்றிக்கொண்டே நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"பேச்சு எப்படியிருந்துதுங்க அம்மணி?" என்று முதலாளி கேட்டார்.

"நல்லாருந்துச்சுங்க."

"கடைசி வரைக்கும் யாராச்சும் இருந்தாங்களா?"

"எலெக்ட்ரீசியன் இருந்தாருங்க."

அடுத்த வருடம் எனக்கு பெங்களூரில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் அங்கே நான்கு கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு உடுப்பு மாற்ற வேண்டும். மலையில் தேயிலை விலை இன்னும் சில காலம் படுத்தே கிடந்தது. பிறகு கொஞ்சம் ஏறியதும் முதலாளி பேக்டரியில் ஒரு பக்கத்தை மறுபடி ஓட்டினார். மறுபக்கம் பூசணம் நடந்தது.

நான் கிளம்பிய அன்று அண்ணன் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். பேக்டரிக்குப் பின்னால் மரமாகி நின்ற தேயிலையில் ஏணி வைத்து ஏறிக் கொழுந்து பறித்து, கையாலேயே உருட்டிக் காயவைத்தது என்றார். பெங்களூரில் அறைத்தோழிகளுக்குப் பெருமையாகப் போட்டுக் கொடுத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. மறுவாரம் பேக்டரிக்குப் போன் செய்தபோது அவரே எடுத்தார்.

"தூள் எப்படி தங்கச்சி?"

"ரொம்ப நல்லாருந்துச்சுண்ணே."

"தண்ணி கொதிச்ச பெறகு எறக்கி வச்சுப் போட்டியா? இல்ல தூளைப் போட்டுக் கொதிக்க விட்டியா?"

"போட்டுக் கொதிக்க விட்டேண்ணே. பால் ஊத்தி."

"பாலா?"

"ஏலக்காயும் தட்டிப் போட்டேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து, முதலாளி சொல்லித்தான் மறுபடி பேசினார்.